டிராக்டர், டிரெய்லர் டயர்கள்: காற்றும் கவனமும்

கும்பப்பூ அறுவடை முடிந்து நெல்லும் வைக்கோலும் களம் விட்டு வீடு சேரும் நாட்களில், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிக் கிராமத்து ரோடுகளில் ஒரு காட்சி சாதாரணம். வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் ஒன்று சானல்கரை ஓரத்தில் சாய்ந்து நிற்கும். ஒரு சக்கரத்தில் காற்று இருக்காது. இரண்டு பேர் ஜாக்கி தேடி ஊருக்குள் போயிருப்பார்கள். மற்றவர்கள் வெயிலுக்குப் பயந்து அதே டிரெய்லரின் நிழலில், பாதி உடம்பு வண்டிக்கு அடியில் இருக்கும்படி உட்கார்ந்திருப்பார்கள்.

பஞ்சரால் ஆகும் செலவையும் வீணாகும் நேரத்தையும் எல்லோரும் பேசுகிறார்கள். வண்டிக்கு அடியில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விவசாய வண்டிகளின் டயரால் நேரும் உயிர்ச்சேதங்களில் பல, வண்டி ஓடும் போது நேர்வன அல்ல. நின்ற வண்டியின் சக்கரத்தைக் கழற்றும் போதும், மாட்டும் போதும், காற்று அடிக்கும் போதும் நேர்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை தவிர்க்கக் கூடியவை.

இதற்கு ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக் கொள்ள வேண்டும். வண்டியின் பாரத்தைச் சுமப்பது டயரின் ரப்பர் அல்ல. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான் சுமக்கிறது. ரப்பரும் அதனுள் இருக்கும் நூலடுக்குகளும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை மட்டுமே. பையில் காற்று குறைந்தால் பாரம் பையின் மேல் விழுகிறது; பை சிதைகிறது. காற்று மிகுந்தாலோ, கழற்றத் தெரியாமல் கழற்றினாலோ, அடைபட்ட காற்று வெடிமருந்தைப் போல வெளிப்படுகிறது.

காற்றடைத்த டயரை அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் இருந்த டன்லப் என்ற கால்நடை மருத்துவர் 1887-ல் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தார். டிராக்டருக்கு இது வந்து சேர மேலும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதுவரை டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. 1932-ல் அமெரிக்காவில் காற்று டயர் மாட்டிய டிராக்டர்கள் விற்பனைக்கு வந்த பிறகுதான், ஒரே வண்டி வயலிலும் உழவு செய்து ரோட்டிலும் பாரம் இழுக்க முடிந்தது. அந்த வசதியில் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. வயலுக்கு ஏற்ற காற்று ரோட்டுக்கு ஏற்றதல்ல.

காற்றின் அளவு

சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கைத்தான் பஞ்சர் கடைகளில் இத்தனை பவுண்டு காற்று என்று சொல்கிறார்கள். நம் பகுதியில் அதிகம் புழங்கும் நடுத்தர டிராக்டர்களுக்கு, முன் சக்கரங்களில் 24 முதல் 30 பவுண்டு வரை காற்று இருக்கலாம். பெரிய பின் சக்கரங்களுக்கு வயல் வேலையின் போது 12 முதல் 14 பவுண்டு போதும். ரோட்டில் பாரம் இழுக்கும் போது 16 முதல் 20 பவுண்டு வரை தேவைப்படும். இது பொதுக் கணக்கு. டயரின் அளவுக்கும் ஏற்றும் பாரத்துக்கும் தக்கபடி இது மாறும். டிராக்டருடன் கம்பெனி தரும் கையேட்டில் சரியான அளவு அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் கையேடு பல வீடுகளில் பெட்டிக்குள் பிரிக்கப்படாமலே கிடக்கிறது.

டிரெய்லர் சக்கரங்களின் கணக்கு வேறு. அவை லாரி டயர் வகையைச் சேர்ந்தவை. 50 பவுண்டுக்கு மேல் காற்று தாங்குபவை. டிராக்டருக்கு அடித்த கையோடு டிரெய்லருக்கும் கண்ணால் பார்த்து அடித்து விட்டுப் போவது சரியல்ல. லோடு ஆட்டோ, சிறிய வேன், ஜீப், கார் வைத்திருப்பவர்கள், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்க வேண்டும். ஆள் மட்டும் போகும் போது எவ்வளவு, பாரம் ஏற்றினால் பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். சீட்டு கிழிந்திருந்தால் கையேட்டில் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண், அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதையே அடிக்க வேண்டிய அளவு என்று எடுத்துக் கொள்ளக் கூடாது.

காலையில், வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும் போதுதான் காற்றை அளக்க வேண்டும். ஓடிய டயர் சூடாகும். உள்ளே காற்று விரிந்து அளவு கூடுதலாகக் காட்டும். அந்தச் சூட்டில் காற்று அதிகம் என்று நினைத்துத் திறந்து விட்டால், மறுநாள் காலையில் அளவு குறைந்து நிற்கும். உதைத்துப் பார்த்தும், சுத்தியலால் தட்டிப் பார்த்தும் காற்றைச் சொல்லும் பழக்கம் டிரைவர்களிடம் உண்டு. 14 பவுண்டுக்கும் 20 பவுண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலால் அறிய முடியாது. கையடக்கமான காற்று மானி ஒன்றைச் சொந்தமாக வாங்கி டிராக்டரின் கருவிப் பெட்டியில் போட்டு வைப்பது நல்லது. ஒரு ஜோடி பின் டயரின் விலை ஒரு கறவை மாட்டின் விலையை நெருங்கும். காற்று மானியோ சில நூறு ரூபாயில் கிடைக்கும்.

காற்று குறைந்த டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் வளைவில் சூடு ஏறி முறிவது போல, டயரின் உள்ளே நூலடுக்குகள் சூடேறி ஒன்றை விட்டு ஒன்று பிரியும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்து, ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்றில் பாரத்தோடு போகும் போது அது வெடிக்கும். அன்றைக்கு ரோட்டில் கிடந்த கல்லையோ வெயிலையோ காரணமாகச் சொல்வார்கள். உண்மையான காரணம் ஒரு மாதத்துக்கு முன் அடிக்காமல் விட்ட காற்றாக இருக்கும்.

காற்று மிகுந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். குழியில் விழுந்தால் நூலடுக்கு அறுபடும். வயலில் சக்கரம் வழுக்கி டீசல் வீணாகும். மண்ணும் அழுந்தி இறுகும்.

சேற்று வயலில்

கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தொளி கலக்கும் போது பெரும்பாலான டிராக்டர்களில் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டப்படுகிறது. டயரைக் கழற்றி விட்டு முழுக் கூண்டு மாட்டுவதும் உண்டு. டயரோடு சேர்த்து அரைக் கூண்டு மாட்டுவதும் உண்டு. கூண்டோடு தார் ரோட்டில் ஓட்டினால் ரோடும் கெடும், கூண்டும் வளையும், அதிர்ச்சி முழுவதும் அச்சில் இறங்கும். வயல் வரப்பிலேயே கழற்றி டிரெய்லரில் ஏற்றி வருவதுதான் முறை.

டயரோடு வயலில் இறங்குபவர்கள் காற்றை மிகவும் குறைத்து விடுவதும் உண்டு. சேற்றில் பிடிமானம் கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஓரளவுக்கு இது உண்மை. 12 பவுண்டுக்கும் கீழே இறக்கினால் வேறு ஆபத்து வரலாம். சக்கர ரிம் சுழலும் வேகத்துக்கு டயர் சுழலாமல் பின்தங்கி நழுவும். டியூபின் வால்வு ரிம்மில் மாட்டியிருப்பதால் வேரோடு பிடுங்கப்படும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டயருக்கும் ரிம்முக்கும் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு விட்டு வேலையைத் தொடங்க வேண்டும். அரை நாள் கழித்துப் பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று தெரியும். பிரிந்திருந்தால் காற்று போதவில்லை.

பின் டயரின் பட்டைகள் மாட்டியிருக்கும் திசையையும் கவனிக்க வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டைகள் ஓட்டு வீட்டு முகடு போல, கூர்முனை மேலே இருக்கும்படி அமைய வேண்டும். திருப்பி மாட்டினால் சேறு வெளியே தள்ளப்படாமல் பட்டைகளுக்கு நடுவே அப்பிக் கொள்ளும். டயரின் பக்கத்தில் சுழல வேண்டிய திசைக்கு அம்புக்குறி உண்டு.

சேற்றில் டிராக்டர் புதைந்து விட்டால், பின் சக்கரத்தோடு ஒரு மரத்தடியைச் சங்கிலியால் கட்டி, அதை மிதித்துக் கொண்டு சக்கரம் ஏறும் என்று முயல்வது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. உயிரைக் குடிக்கும் வழக்கம் இது. மரத்தடி தடுப்பதால் சக்கரம் சுழல முடியாது. என்ஜினின் விசைக்குப் போக வேறு வழி இல்லை. சக்கரம் நிற்க, டிராக்டரின் உடல் அச்சைச் சுற்றிப் பின்னோக்கிச் சுழலும். முன் சக்கரம் மேலே எழும்பி, ஓட்டுபவரின் மேல் வண்டி கவிழ இரண்டு வினாடி கூட ஆகாது. குதிக்க நேரம் இருக்காது.

புதைந்த டிராக்டரைப் பின்னோக்கி எடுத்துப் பார்க்கலாம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மண்ணை வெட்டிச் சரிவு உண்டாக்கலாம். அதிலும் வராவிட்டால் இன்னொரு டிராக்டரைக் கொண்டு இழுக்க வேண்டும். அப்போது இழுக்கும் டிராக்டரின் கீழ்க் கொக்கியில்தான் சங்கிலியை மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால் அந்த வண்டியும் பின்னால் கவிழும். இழுக்கும் போது சங்கிலி அறுந்தால் சாட்டை போல வீசும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை வரப்பை விட்டு விலக்கி நிறுத்த வேண்டும்.

தண்ணீர் நிரப்பிய டயர்

உழவின் போது சக்கரம் வழுக்காமல் இருக்கச் சிலர் பின் டயரில் தண்ணீர் நிரப்புகிறார்கள். இது நல்ல முறைதான். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்க உப்புச் சரக்கு சேர்க்கிறார்கள். குமரி மாவட்டத்துக்கு அது வேண்டியதில்லை. வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தித் தண்ணீர் விட்டால், வால்வு மட்டம் வந்ததும் நின்று விடும். டயரின் முக்கால் பாகம் தண்ணீர், கால் பாகம் காற்று என்ற அளவு தானாகவே அமையும். முழுவதும் தண்ணீர் நிரப்பக் கூடாது. தண்ணீர் அழுந்தாது, டயருக்கு விட்டுக் கொடுக்க இடம் இருக்காது.

தண்ணீர் நிரப்பியதைப் பஞ்சர் ஒட்ட வருபவரிடம் சொல்ல வேண்டும். 13.6-28 அளவுள்ள டயரில் முக்கால் பாகம் என்பது சுமார் 200 லிட்டர். அதாவது, ரிம்மும் டயரும் போக மேலும் 200 கிலோ. சாதாரணச் சக்கரம் என்று நினைத்து ஓர் ஆள் தனியாகக் கழற்றி உருட்ட முயன்றால், சக்கரம் சாய்ந்து அவர் மேல் விழும். தண்ணீரை முதலில் வடித்த பிறகே கழற்ற வேண்டும்.

பஞ்சர் ஆனால்

காற்று இறங்கியது தெரிந்ததும் வண்டியை நிறுத்த வேண்டும். பக்கத்தில்தானே கடை, போய் விடலாம் என்று ஓட்டினால், ஓர் ஒட்டுக்குப் பதில் டியூபும் டயரும் போகும். நிறுத்தும் இடமும் முக்கியம். சானல்கரையின் விளிம்பு, வளைவு, சரிவு ஆகியவை ஆகா. சற்று மெதுவாக நகர்த்தியாவது சமமான, கெட்டியான இடத்துக்குக் கொண்டு வர வேண்டும். இரவில் நின்றால் பின்னால் ஒரு விளக்கோ, பளபளக்கும் பட்டையோ கட்டாயம். தோவாளைப் பூச் சந்தைக்கும் அப்டா சந்தைக்கும் விடியுமுன் போகும் வண்டிகள் ரோட்டில் வேகமாக வரும்.

பாரம் இருந்தால் இறக்கி விட்டு ஜாக்கி கொடுப்பதே பாதுகாப்பு. இறக்க முடியாத நிலையில், டிரெய்லரை டிராக்டரிலிருந்து பிரிக்காமல் வைத்து, டிராக்டரின் கைப் பிரேக்கைப் போட வேண்டும். ஒற்றை அச்சு டிரெய்லரைப் பாரத்தோடு பிரித்தால், பாரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் குடை சாயும்.

எதிர்ப் பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்க வேண்டும். ரோட்டோரத்தில் கிடைக்கும் உருண்டைக் கல் உருண்டு விடும். ஆப்பு வடிவில் வெட்டிய இரண்டு மரக்கட்டைகளை எப்போதும் டிரெய்லரிலேயே வைத்திருந்தால் தேட வேண்டியதில்லை. ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை வைக்க வேண்டும். நாஞ்சில் நாட்டு வயலோரக் களிமண் மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும். உள்ளே ஈரம் இருக்கும். பாரம் ஏறியதும் ஜாக்கி ஒரு பக்கமாக இறங்கிச் சாய்ந்து போகும்.

சக்கரம் தரையில் இருக்கும் போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்தி விட வேண்டும். தூக்கிய பிறகு பலத்தைக் கொடுத்துத் திருகினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஸ்பானரின் மேல் ஏறி நின்று மிதிப்பதும் கூடாது. அதைவிட, ஸ்பானர் பிடியில் ஒரு நீண்ட குழாயைச் செருகி, தரையில் நின்று அழுத்துவது மேல்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான்; தாங்கிப் பிடிப்பதற்கு அல்ல. எண்ணெய் ஜாக்கியின் உள்ளே ஒரு சிறு ரப்பர் வளையம் தேய்ந்தால் போதும், அது சொல்லாமல் இறங்கி விடும். எனவே தூக்கிய உடனே அச்சுக்கு அடியில் கனமான மரத்தடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, வண்டியை அதன் மேல் இறக்கி நிறுத்த வேண்டும். செங்கல், ஓட்டையுள்ள சிமெண்டுக் கல் ஆகியவை இதற்கு உதவா. திடீரென்று நொறுங்கி விடும். வண்டி கட்டையில் நிற்கிறதோ இல்லையோ, அதன் அடியில் கையோ தலையோ போகக் கூடாது. நிழல் வேண்டுமென்றால் பக்கத்துத் தென்னந்தோப்பு இருக்கிறது.

மாற்றுச் சக்கரத்தை மாட்டிய பின் நட்டுகளை வரிசையாக இறுக்காமல், ஒன்றை இறுக்கி அதற்கு எதிரே உள்ளதை இறுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் கோணாமல் உட்காரும். அன்று மாலையோ, 50 கிலோமீட்டர் ஓடிய பிறகோ மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். மாற்றுச் சக்கரத்திலும் மாதம் ஒரு முறை காற்றை அளக்க வேண்டும். நடு ரோட்டில் இறக்கிப் பார்த்து, அதிலும் காற்று இல்லை என்று கை பிசைபவர்கள் எத்தனையோ பேர்.

டியூப் இல்லாத டயரில், தரையில் படும் பகுதியில் ஆணி ஏறியிருந்தால் ரப்பர் திரி செருகி அடைக்கலாம். பக்கவாட்டுச் சுவரில் ஓட்டை விழுந்தால் அந்த ஒட்டு நிற்காது. அத்தகைய டயரை ரோட்டுக்கு எடுக்கக் கூடாது.

காற்று அடிக்கும் போது

அதிகக் கவனம் வேண்டியது இதில்தான். பெரும்பாலோர் அஜாக்கிரதையாக இருப்பதும் இதில்தான்.

லாரி டயரில் 100 பவுண்டு காற்று இருப்பதாக வைத்துக் கொள்ளலாம். ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 45 கிலோ அழுத்தம். டயரின் ஒரு பக்கத்தை 300 சதுர அங்குலம் என்று குறைத்தே கணக்கிட்டாலும் மொத்தம் 13 டன்னுக்கு மேல் வருகிறது. நெல் ஏற்றிய ஒரு லாரியின் எடையை ஒரு பக்கமாக அழுத்தி அடைத்து வைத்தது போல. இதைத் தடுத்து நிறுத்துவது சக்கர ரிம்தான்.

பழைய லாரிச் சக்கரங்களிலும் பல டிரெய்லர் சக்கரங்களிலும் ரிம் ஒரே துண்டாக இருக்காது. டயரை மாட்டிய பின் ஓர் இரும்பு வளையத்தைச் செருகிப் பூட்டுவார்கள். லாக் ரிங் என்பது இதுதான். துருப்பிடித்த, வளைந்த, வேறொரு ரிம்முக்கு உரிய வளையத்தை மாட்டிக் காற்று அடித்தால், அது பாதி அழுத்தத்திலேயே தெறித்து விடும். முன்னால் குனிந்து நிற்பவர் பிழைப்பது அரிது. வளையம் சரியாக உட்காரவில்லை என்று காற்று இருக்கும் போதே சுத்தியலால் தட்டி உட்கார வைப்பது இதைவிட மோசம்.

ஆகையால் லாக் ரிங் உள்ள சக்கரத்தை வீட்டிலோ வயலிலோ பிரிக்க வேண்டாம். பழகிய டயர் கடையில் கொடுக்க வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று எங்கே கொடுத்தாலும், சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கூண்டு இல்லாத கடையில், குறைந்தது தடித்த சங்கிலியையாவது சக்கரத்தில் சுற்றி, வளையம் சுவர்ப் பக்கமாக இருக்கும்படி வைத்து அடிக்கச் சொல்ல வேண்டும். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றுமுன் வால்வுக்குள் இருக்கும் ஊசியை எடுத்துக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். இரட்டைச் சக்கரமாக இருந்தால் இரண்டிலும் வெளியேற்ற வேண்டும்.

டிராக்டரின் பின் டயருக்கு லாக் ரிங் கிடையாது. அதற்காக அதை அலட்சியம் செய்ய முடியாது. டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காருவதற்காகச் சிலர் காற்றை ஏற்றிக் கொண்டே போவார்கள். 35 பவுண்டுக்கு மேல் ஒரு போதும் போகக் கூடாது. அதற்குள் உட்காராவிட்டால் விளிம்பில் உள்ள கம்பி எங்கோ சிக்கியிருக்கிறது. காற்றை இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, நடுவாக வைத்து மறுபடி முயல வேண்டும். மேலும் அழுத்தம் கொடுத்தால் விளிம்புக் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். பெட்ரோலை ஊற்றித் தீக்குச்சி கிழித்து விளிம்பை ஏற்றிக் காட்டும் வித்தை செய்யும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் டயரைக் கொடுக்கக் கூடாது.

காற்று அடிக்கும் போது டயரின் முகப்புக்கு நேராக நிற்காமல், தரையில் படும் பக்கத்தில், சற்று விலகி நிற்க வேண்டும். வால்வில் கவ்விக் கொள்ளும் முனையும் நீண்ட குழாயும் இருந்தால் கையால் பிடித்துக் கொண்டு நிற்க வேண்டியதில்லை. டயரின் மேல் உட்கார்ந்து கொள்ளும் பழக்கத்தைச் சொல்லவே வேண்டாம்.

காற்று வெகுவாக இறங்கிய நிலையில் ஓடிய டயரை அப்படியே வண்டியில் வைத்துக் காற்று ஏற்றக் கூடாது. இருக்க வேண்டிய அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் குறைவாக இருந்தபடி பாரத்தோடு ஓடியிருந்தால், கழற்றி உட்புறத்தைப் பார்க்க வேண்டும். உட்சுவரில் கறுப்புத் தூள் உதிர்ந்திருந்தால், சுருக்கம் விழுந்திருந்தால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

ரிம்மில் விரிசல் விட்டால் டயரோடு சேர்த்து வெல்டிங் பட்டறைக்கு உருட்டிக் கொண்டு போவதும் நடக்கிறது. டயரைக் கழற்றாமல் ரிம்மை வெல்டிங் செய்யவே கூடாது. காற்றை இறக்கி விட்டாலும் கூடாது. இரும்பின் சூட்டில் உட்புற ரப்பர் வெந்து எரியும் வாயு உண்டாகும். அது தீப்பிடித்து வெடிக்கும் வேகம் காற்று அழுத்தத்தால் வெடிப்பதைக் காட்டிலும் பல மடங்கு.

ஓடும் போது வெடித்தால்

டயர் வெடித்ததும் ஓட்டுபவரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். அதைத்தான் செய்யக் கூடாது. வெடித்த பக்கம் வண்டியை இழுக்கும். பிரேக் போட்டால் அந்த இழுப்பு கூடும். ஸ்டீயரிங்கை இரு கையாலும் இறுகப் பிடித்து, நேராக வைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுக்க வேண்டும். வேகம் தானாகத் தணிந்த பின் மெதுவாக இடது ஓரம் ஒதுக்கலாம்.

டிராக்டரில் இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனிப் பிரேக் மிதிகள் உண்டு. வயலில் வளைத்துத் திருப்புவதற்காக அமைத்தவை. ரோட்டுக்கு வரும் போது இரண்டையும் கொண்டியால் இணைக்க வேண்டும். இணைக்காமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்து விட்டால், டயர் வெடிக்காமலே டிராக்டர் கவிழும். பாரம் இழுக்கும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நெல் மூட்டைகளின் மேல் அறுவடை ஆட்களை ஏற்றி வருவது சட்டப்படி தவறு. டயர் வெடித்துச் சாயும் டிரெய்லரில் முதலில் தூக்கி எறியப்படுபவர்கள் அவர்கள்தான்.

தேய்ந்த டயர் மழையில் வழுக்கும். இரண்டு பருவ மழையும் பெய்யும் மாவட்டத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது. கார், வேன், லாரி டயர்களின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும், இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. கார், வேன் டயர்களின் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் வைத்தே வார்த்திருப்பார்கள். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரை மாற்ற வேண்டும்.

வெயிலும் டீசலும்

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதி விவசாயிகளுக்கு ரப்பரின் குணத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ரப்பர் விளையும் மாவட்டம் என்று பெயர் சொல்ல இருப்பது இதுதான். 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தலைமையிடமும் நாகர்கோவில்தான். கனமான பாரம் சுமந்து ஓடும் டயர்களுக்கு இயற்கை ரப்பரே அதிகம் சேர்க்கப்படுகிறது. சூடு அதில் குறைவாக ஏறும் என்பதே காரணம். ரப்பர் ஷீட்டை நேர் வெயிலில் நெடுநேரம் போட்டால் பிசுபிசுத்து விலை இறங்கும் என்பது வெட்டுபவர் அனைவருக்கும் தெரியும். அதே ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சுட்டுத்தான் டயர் ஆகிறது. வெயில் அதையும் விடாது. பிசுபிசுப்புக்குப் பதிலாகப் பக்கவாட்டில் முடிக் கோடு போல வெடிப்புகள் விழும்.

வேலை இல்லாத மாதங்களில் டிராக்டரைக் கொட்டகைக்குள் விட வேண்டும். கொட்டகை இல்லாவிட்டால் சக்கரங்களின் மேல் சாக்கோ ஓலையோ போட்டாலும் போதும். வெகுநாள் நிற்பதாக இருந்தால் அச்சுக்குக் கட்டை கொடுத்து, பாரம் டயரில் இறங்காமல் நிறுத்துவது நல்லது. டீசல், கிரீஸ், என்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் ஊறி உப்பும். சோப்புத் தண்ணீரால் உடனே கழுவ வேண்டும். டீசல் பீப்பாயின் பக்கத்தில் மாற்று டயரைச் சாய்த்து வைக்கக் கூடாது. பூச்சி மருந்தும் உரமும் ஏற்றிய டிரெய்லரை வேலை முடிந்ததும் சக்கரம் உட்படக் கழுவி விடுவதும் நல்ல பழக்கம். உடைமுள்ளும் கண்ணாடித் துண்டும் பட்டைகளுக்கு நடுவே ஏறியிருந்தால் அப்போதே கண்ணில் படும்.

டயர் வாங்கும் போது விலையை மட்டும் பார்க்காமல், பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு எண்களைப் பார்க்க வேண்டும். 3424 என்று இருந்தால் 2024-ம் ஆண்டின் 34-வது வாரத்தில் செய்தது என்று பொருள். பல ஆண்டுகள் கடையில் கிடந்த டயர் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ரீட்ரெடிங் செய்த டயரை டிரெய்லருக்கும் பின் சக்கரத்துக்கும் போடலாம். வண்டியைத் திருப்பும் முன் சக்கரத்துக்குப் போடாமல் இருப்பது நல்லது. ஒரே அச்சில் ஒரு பக்கம் புதியதும் மறு பக்கம் தேய்ந்ததும் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையிலோ தனியாரிடமோ வாடகைக்கு டிராக்டர் எடுப்பவர்களும், வயலில் இறங்குமுன் டயரை ஒரு சுற்றுப் பார்த்துக் கொள்ளலாம். பாதி நாள் வாடகை பஞ்சரில் போனால் நஷ்டம் வயல்காரருக்குத்தான்.

கழித்த டயரைக் கொளுத்தக் கூடாது. அந்தப் புகை நஞ்சு. கிணற்றடியிலோ தோப்பிலோ போட்டு வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு பெருகும். டயரின் உள்வளைவில் தேங்கும் தண்ணீர் எளிதில் காய்வதில்லை. நான்கு இடங்களில் துளை போட்டு விட்டால் தண்ணீர் நிற்காது. ரப்பர் தோட்டத்தில் மழைக் காலத்தில் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது போலத்தான் இதுவும்.